எம்.பி. எழுந்தார், நானும் எழுந்தேன்

வியாழன் இரவு, டெல்லி விடுதி.

மூடிக்கிடக்கும் மில்லைப் பற்றி நம் எம்.பி. இன்று பாராளுமன்றத்தில் கேட்பார் என்றார்கள். அதைக் காதால் கேட்டு, அந்த மில்லிலேயே தறி ஓட்டிய என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மகளிர் குழுவோடு வந்தேன்.

பார்வையாளர் மாடியில் பேசாமல், அசையாமல் உட்காரச் சொன்னார்கள். பிள்ளையாரை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எம்.பி. எழுந்ததும், தீபாராதனைக்கு எழுவதுபோல நானும் எழுந்து தலைக்குமேல் கைகூப்பிவிட்டேன். காவலர் வந்து என்னை வெளியே கூட்டிப்போய்விட்டார்.

குழுவில் கேட்டால், "உன்னத்தான்க்கா பாத்துனு இருந்தோம், அவரு பேசனத எங்க கேட்டோம்!" என்கிறார்கள்.

சாயங்காலம் ஊரில், அரியாங்குப்பத்திலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"இங்க கரண்டு போயிடுச்சுடி, டிவி பாக்க முடியல. மில்லு பத்திக் கேட்டாரா?"

"எழுந்தாருங்க."

"அப்பறம்?"

"நானும் எழுந்துட்டேன். வெளிய அனுப்பிட்டாங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எழுந்தாரு இல்ல?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

பிள்ளையாரப்பா, அந்த எம்.பி. மில்லைப் பற்றிக் கேட்டிருக்கட்டும்.