பஸ் ரெக்சினில் தைத்த சோபா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் சின்னவளும் அதுபோலவே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, ஆனாலும் பேப்பரை என்னைத்தான் படிக்கச் சொல்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய், பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். கடிதத்தில் என்னை யாரும் நிறுத்த முடியாது.

முன்பக்கத்து இரண்டு அறைகளையும் கடலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு வாடகைக்கு விடலாம் என்று நீ சொன்னபோது நான் தடுக்கவில்லை, எங்கள் இருவருக்கும் பின்பக்கம் போதும். அலங்காரம் செய்ய ஒரு பெண்ணை அனுப்புகிறேன் என்றாய், அதற்கும் தலையாட்டினேன். அவள் திங்கட்கிழமை ஒரு வேன் நிறையச் சாமான்களோடு வந்தாள். சிரித்த முகம், அதில் குறை சொல்ல மாட்டேன். போஹீமியன் பாணி, அதுவும் இந்தக் காலத்து போஹீமியன் என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, “எதுவும் எதோடயும் சேரக் கூடாதும்மா, ஆனா எல்லாம் சேர்ந்து அழகா இருக்கணும்” என்றாள். நான்கு நாற்காலியும் நான்கு மாதிரி. ஒரு கம்பளத்தின் மேல் பாதி ஏறினாற்போல் இன்னொரு கம்பளம். உட்கார ஆளுக்கொரு தரைத் திண்டு. சுவரில் முடிச்சு முடிச்சாகக் கயிற்றுத் தொங்கல், பிரம்புக் கூடையைக் கவிழ்த்த மாதிரி விளக்கு, உயரமான ஜாடியில் காய்ந்த புல். அப்பா அந்தப் புல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுக்குத் தண்ணி ஊத்தணுமா, இல்ல இதால கூட்டணுமா?” என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று எத்தனை வருடம் பாடுபட்டோம், இப்போது அவர்களைத் தரையில் உட்கார வைப்பதுதான் அழகாம்.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகு அவள் முன்னறையில் நின்று நாலு பக்கமும் பார்த்து, “அந்த சோபா எங்கம்மா?” என்றாள். இதோ என்று காட்டினேன். காபிக்கொட்டை நிறத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல், கடையில் வாங்கினது போல இருந்தது. அலங்காரத்துக்கு ஆள் வருகிறது என்று நீ சொன்ன மறுநாளே நான் பழைய ரெக்சினை எல்லாம் பிரித்துவிட்டு நல்ல துணியில் உறை மாற்றியிருந்தேன். வருகிறவள் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது, உனக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்றுதான். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. போனைத் திறந்து ஒரு படம் காட்டினாள். நீயும் அக்காவும் அந்த சோபாவில் குதித்துக்கொண்டிருக்கும் படம். அது உன்னிடம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. “அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம், இந்த சோபா மட்டும் அப்படியே நடுவுல இருக்கணும்னார். எல்லா நிறமும் நான் இதைப் பார்த்துத்தான் எடுத்தேன்” என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன், அதுவும் அவளுடைய தரைத் திண்டில்.

அந்த சோபா எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்வேன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் எனக்கு யாரும் தையல் சொல்லித்தரவில்லை, கூட்டிப் பெருக்கப் போனவள் நான். ஓட்டுநர் இருக்கை உறை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, அதே துளைகளில் திரும்பத் தைத்துக் கற்றுக்கொண்டேன். ஊசி பிடிக்கத் தெரியாதவள் என்று சொன்ன மேஸ்திரியே ஆறு மாதத்தில் என் பின்னால் வந்து நின்று, “அந்த மூலையை எப்படிம்மா மடிச்சே?” என்று கேட்டார். வெட்டினது போக மிஞ்சும் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எந்த நிறமும் ஒரு சோபாவுக்குப் போதாது. சிவப்பு பள்ளிக்கூட பஸ், பச்சை தொழிற்சாலை பஸ், நீலம் தூர ஊருக்குப் போகிற பஸ், கடுகு நிறம் எதற்கு வந்ததென்று மறந்துவிட்டது. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று உனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. வேலையிலிருந்து வந்து அப்பா உட்கார்ந்ததும் அவரிடம் டிக்கெட் கேட்பீர்கள். காய்ச்சல் வந்தால் நீ கடுகு நிறத்தில்தான் கன்னத்தை வைத்துப் படுப்பாய், அங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறது என்பாய். எல்லாம் ஒரே ரெக்சின்தான். ஆனாலும் நான் தொட்டுப் பார்த்து ஆமாம் என்பேன்.

பிறகு, நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் நண்பர்கள் வந்தார்கள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நீ ஓடிப்போய் சோபாவின் மேல் வெள்ளைப் போர்வையை விரித்தாய். நான் சமையலறையிலிருந்து பார்த்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை. அதை அன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடமும் கேட்கவில்லை. என் கைவேலையைப் பார்த்து என் பிள்ளைக்கு வெட்கம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதனால்தான் இப்போது பிரித்தேன். இப்போது முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து வேறு கதை சொல்கிறாள். ஏனடா அவளிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை?

பிரித்த துண்டுகளைத் தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தேன், வேலை செய்யும்போது முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ள. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போனேன். “என்னம்மா, குடுத்த கை காயறதுக்குள்ள கேக்கறீங்க” என்று கிண்டல் செய்தாலும் ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தார். கடுகு நிறத்தை வட்டமாக வெட்டி ஸ்டூலில் ஒட்டியிருந்தார், அதையும் உரித்துக் கொடுத்துவிட்டு வெறும் கட்டையில் உட்கார்ந்தார். கிரீஸ் போக மூன்று தடவை தேய்த்துக் கழுவி, மூன்று நாள் தைத்தேன். விரல் முன்போல் மடங்குவதில்லை, வளைந்த ஊசி இரண்டு உடைந்தது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து, “கொஞ்சம் கோணலா தைங்கம்மா, கையால செஞ்சதுன்னு தெரியும்” என்றாள். அது தெரியக் கூடாது என்றுதான் நான் வாழ்நாள் முழுக்கத் தைத்தேன், கோணலாக வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். “விடும்மா, நூல் வளைஞ்சாலும் வளையும், இவ வளைய மாட்டா” என்றார் அப்பா. கடுகு நிற வட்டத்தை நீலத்தின் நடுவில் வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன்.

சோபா தயார். ஆனால் அது முன்னறையில் இல்லை, பின்பக்கம் என் கட்டிலுக்கு அருகில் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் விருந்தாளிகள் வருகிறார்கள், படம் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் தினமும் கேட்கிறாள். நடுவில் இடத்தைக் காலியாக விட்டுச் சுற்றிலும் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறாள். இருக்கட்டும். அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது நீ என்னிடம் சொன்னது இல்லை. போர்வையை விரித்தவன் நீ, அதனால் நீதான் எழுத வேண்டும். போனில் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டேன், உன் கையெழுத்தில் வர வேண்டும். வெட்கப்பட்டேன் என்பது உண்மையானால் அதையே எழுது, அப்போதும் சோபா முன்னறைக்குப் போகும். கடிதம் வராமல் மட்டும் போகாது. அவனை ரொம்ப மிரட்டாதே என்கிறார் அப்பா. நீ இதை மிரட்டல் என்றே எடுத்துக்கொள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மருமகளுக்கும் சின்னவளுக்கும் என் முத்தங்கள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைய காலம் நன்றாக இருக்க வேண்டும். தபால் வரப் பத்து நாளாகும், அதனால் இதைப் படித்து முடித்ததும் எழுந்திருக்காமல் பேனாவை எடு.

உன் பதிலைப் பார்க்காமல் விடாத,
அம்மா