கொடி பிடிக்காத வகுப்பு

1926 ஜூன் 14, திங்கள்
பள்ளி திறந்தது. விடாத மழை. ஐந்தாம் வகுப்பு இந்த வருஷமும் எனக்குத்தான். தினமும் பத்திரிகையிலிருந்து ஓர் உலகச் செய்தி சொல்லிவிட்டுத்தான் பாடம் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்று, சீமையில் நிலக்கரி வெட்டுகிறவர்கள் இன்னும் வேலைக்குத் திரும்பாத கதை. "வெள்ளைக்காரங்களும் கூலி பத்தலைன்னு சொல்வாங்களா, டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். சொல்வார்கள் என்றேன். வகுப்பே அசந்துபோய்ப் பார்த்தது.

ஜூன் 16
தலைமை ஆசிரியை மிஸ்ஸியம்மா கூப்பிட்டார். "மார்த்தா, நிலக்கரி எங்கே கிடைக்கிறது என்று சொன்னால் போதும்." தலையாட்டினேன். நிறுத்தப்போவதில்லை.

ஆகஸ்ட் 9, திங்கள்
அமெரிக்காக்காரி ஒருத்தி, இருபது வயது, இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்துவிட்டாள். முன்னால் கடந்த ஆண்களைவிடச் சீக்கிரமாக. வீட்டில் சொன்னேன். "அவளுக்கு யாரும் கல்யாணம் பேசலியாக்கும்" என்றார் அப்பா. எனக்கு இருபத்தாறு. பேச்சு எங்கே போகிறது என்று தெரியாதா? "பேசியிருப்பாங்கப்பா. அவ தண்ணியில இருந்திருப்பா" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 14
சீனாவில் வான்சியன் என்ற ஆற்றங்கரை ஊரின்மேல் நம் பீரங்கிப் படகுகள் சுட்டிருக்கின்றன. ஏதோ கப்பல் தகராறு. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள் — 'நம்' என்றா எழுதினேன்? பிரிட்டிஷ் பீரங்கிப் படகுகள்.

வகுப்பில் ஆ லான் இருக்கிறாள். அவள் அப்பா சீனத்துக் கான்டனிலிருந்து வந்து செருப்புக் கடை வைத்திருப்பவர். சொல்வதா, வேண்டாமா? சொன்னேன். மணி அடித்ததும் வந்து, "அது எங்க ஊருக்குப் பக்கமா, டீச்சர்?" என்றாள். வரைபடத்தில் காட்டினேன். தூரம்தான். ஆனாலும் அவள் விரல் அங்கேயே நின்றது.

1927 ஜனவரி 27, வியாழன்
சீனாவின் சாங்காய்க்குப் பிரிட்டிஷ் பட்டாளம் போகிறது, இந்தியச் சிப்பாய்களும். நாளை பள்ளியில் அதற்குப் பிரார்த்தனைக் கூட்டம். எல்லாப் பிள்ளைகள் கையிலும் யூனியன் ஜாக் கொடி. ஆ லானை மட்டும் விட்டுவிடும்படி கேட்டேன். "ஒருத்திக்கு விட்டால் ஒழுங்கு என்ன ஆகும்? அவள் முன்வரிசையில் நிற்கட்டும்" என்றார் மிஸ்ஸியம்மா.

பத்து வயசுப் புள்ள. தன் சனத்தைச் சுடப் போறவங்களுக்குக் கொடி ஆட்டணுமாம். என் வகுப்புலயா? நடக்காது.

ஜனவரி 28
நடக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பின்னக் கணக்கு நடத்தினேன். மண்டபத்தில் பாட்டு. மிஸ்ஸியம்மா வந்து நின்றார். "தெரிந்துதான் செய்கிறாயா?"

"தெரிந்துதான், அம்மா."

பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுதினேன்.

ஜனவரி 31
வேலை போயிற்று.

பிப்ரவரி 2
அப்பாவை அலுவலகத்தில் நாலு பேர் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "ஒரு சீனக்காரப் புள்ளைக்காக, ஏம்மா? அவ யாரு நமக்கு?"

"எங்கிட்டப் படிக்கிற புள்ளப்பா."

"மன்னிப்பு எழுதிக் குடு."

"மாட்டேன்."

கதவை அடைத்துக்கொண்டு அழுதேன். அழுதா என்ன? எழுதிக் குடுக்க மாட்டேன்.

மார்ச் 7
கீழ்வீட்டு உம்மு சல்மா அக்கா மாடியேறி வந்தார். "பெரிய புள்ள ஆயிட்டான்னு எம்மவ பல்கீஸைப் பள்ளிக்கூடத்துலேருந்து நிப்பாட்டிட்டோம். அழுதுகிட்டே கெடக்கா. முன் அறைய ஒழிச்சுத் தர்றேன், சொல்லிக் குடுங்க டீச்சர்." எங்கள் பேட்டை பசுந்தாங்கில் இப்படி வீட்டோடு இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரையும் அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 24
சாங்காய், தெற்கேயிருந்து படையெடுத்து வந்த கான்டன் சீனர்களின் கையில். இங்கே ஒரே பாயில் ஆறு பேர். ஆ லானை அவள் அம்மாவே கொண்டுவந்து விட்டார்.

ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்கள்
பர்மாக்காரர்களின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஊர் அடங்கியிருக்கிறது. சீனாவில் ஒன்றாகப் படையெடுத்து வந்தவர்களே ஒருவரையொருவர் சுட ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய யுத்தமாகும் போலிருக்கிறது. நாளை பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கீழே சுத்தியல் சத்தம். இறங்கிப் போனேன். அப்பா லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சுக்குக் கால் அடித்துக்கொண்டிருந்தார். ஆணி அடித்துப் பழக்கமில்லாதவர். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. பலகையின் மறுமுனையில் ஆ லான்.

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா" என்றார் அவளிடம். பிறகு, என்னைப் பார்க்காமல்: "எத்தன புள்ளைங்க இப்ப?"

"பதினொன்னு."

"இது பத்தாது. இன்னொரு பெஞ்சு வேணும்."