இடது கண்ணுக்குக் கீழே ஊசி ரோலர்

12 பெப்ரவரி 2008, செவ்வாய்

காலையில் பனி. அலுவிகாரை வரை பஸ்ஸில் நின்றே போனேன். நான் வேலை செய்கிற மசாலாத் தோட்டத்துக்கு இன்று இரண்டே வெள்ளைக்காரர்கள். சண்டைச் செய்தி கேட்டபிறகு யார்தான் வருவார்கள்.

சனிக்கிழமை ஒரு பஸ் நிறைய வருகிறார்களாம். முதலாளி தன் கறுப்புக் கண்ணாடி வழியே என் முகத்தையே பார்த்தார். "ராணி, கிரீம் கவுண்டர்ல பஸீனா நிக்கட்டும். கண்ணுக்குக் கீழ ரெண்டு பையத் தொங்கப் போட்டுக்கிட்டு நீ கிரீம் வித்தா யாரு வாங்குவாங்க?"

பதினோரு வருஷமாக அது என் கவுண்டர். பஸீனா நேற்று வந்த பிள்ளை. எனக்கு இனிக் கறுவாப்பட்டை கட்டுகிற வேலையாம். அழவில்லை, அழுதால் பை இன்னும் வீங்கும்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், அம்மாவின் மாத்திரை. தங்கச்சி மாலா அனுப்பிய ரோலர், எங்கே வைத்தேன்?

13, புதன்

அலுமாரியில் கிடைத்தது. தங்கச்சி தோஹாவிலிருந்து அனுப்பியது, பிரிக்காத பெட்டி. ரேசர் மாதிரிக் கைப்பிடி, நுனியில் உருளை, உருளை முழுக்கக் குட்டி ஊசிகள். "இங்க பொம்பளைங்க எல்லாம் உருட்டுறாங்கக்கா, தோல் இறுகும்" என்றாள் அன்றைக்குப் போனில். முகத்தில் எங்கே உருட்டலாம், எங்கே கூடாது, ஒன்றும் நான் கேட்கவில்லை.

தோட்டத்து வழக்கப்படியே செய்தேன். முடி எடுக்கிற களிம்பை வெள்ளைக்காரருக்கு ஒரு காலில் மட்டும்தான் பூசிக் காட்டுவோம், மற்றக் காலோடு ஒப்பிட. நானும் இடது கண் மட்டும். ஏழு தடவை. மேலே எங்கள் சந்தனக் கிரீம், சாதிக்காய் சேர்த்தது. இயற்கைச் சரக்கு, ஒன்றும் செய்யாது என்று தினமும் நான் சொல்கிறதுதானே.

14, வியாழன்

செய்துவிட்டது. இடது கண் பாதி மூடிக் கிடக்கிறது. ஒரே சிவப்பு, எரிச்சல். கண்ணே போய்விடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அடையாள அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். குளவி என்றேன். சுண்ணாம்பு பூசச் சொன்னார். போதும் சாமி, பூசினதே போதும்.

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா திட்டினார். மறக்காமல் எழுதி வைக்கிறேன். கண்ணுக்குக் கீழ்த் தோல் மிக மெல்லிசு, வீட்டில் அங்கே ஊசி படவே கூடாது. குத்திய தோலில் வாசனைக் கிரீம் கூடாது, துளை வழியே உள்ளே போகும். ஒருவர் உருட்டியதை இன்னொருவர் தொடக் கூடாது. (பஸீனா கேட்டிருந்தாள். கொடுப்பதாக வேறு சொல்லியிருந்தேன்!) அதோடு, பை தோலில் இல்லையாம், அடியில் உள்ள கொழுப்பாம். ஊசிக்கு இறங்காது. அப்பாவுக்கும் இருந்தது.

பார்வைக்கு ஒன்றுமில்லை. மங்கினாலோ சீழ் வைத்தாலோ உடனே வர வேண்டும். இப்போதைக்குக் குளிர்ந்த துணி மட்டும். வெளியே வந்து கச்சான் கடலை வாங்கித் தின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

15, வெள்ளி

லீவு. கண் முக்கால் திறந்துவிட்டது. ரோலரைப் பால்மா டின்னில் போட்டு இறுக மூடி எறிந்தேன்.

16, சனி

வானம் மூட்டம். வீக்கம் வடிந்தது. பைகள் இரண்டும் பழைய இடத்தில் பத்திரமாக.

பஸ் வந்தது. பஸீனாவுக்கு இங்கிலீஷ் தடுக்கியது. "அக்கா, நீங்களே வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். வயதான ஒரு வெள்ளைக்காரி தன் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டி, இது போகுமா என்றாள். போகாது என்றேன். கைக்குப் பூசுங்கள், காயத்தில் வேண்டாம், கண் பக்கம் வேண்டவே வேண்டாம். திரும்பினால் பின்னால் முதலாளி. தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கைக்கு மூன்று டப்பா எடுத்தாள்.

பஸ் போன பிறகு முதலாளி கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், பதினோரு வருஷத்தில் முதல் தடவை. என்னுடையதைவிடப் பெரிய பைகள்.

"பஸீனா சொல்லிச்சு, ஏதோ ரோலராமே. அது இன்னும் இருக்கா?"

"இல்லீங்க முதலாளி, வீசிட்டேன். அதுல பை போகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி. திங்கக்கிழமை கவுண்டர்ல நீயே நில்லு."