கியர்பாக்ஸ் சூடேறிய விவரம்

வீடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். நீயும் உன் கப்பலும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். மாமாவுக்குக் கடையிலிருந்து புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் இப்போது தெரிகிறதாம். வரி விளம்பரங்களை ஒன்று விடாமல் எனக்கு வாசித்துக் காட்டுகிறார். பழைய கார் வாங்கப்படும் என்று வந்தால் மட்டும் குரல் கொஞ்சம் உயர்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான்தான் சரி செய்தேன். நம்ப மாட்டாய் என்று தெரியும், மாமா சாட்சி.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கப்பலிலிருந்து பேசும்போது பாதி வார்த்தை எனக்கு வருகிறது, பாதி கடலில் விழுந்துவிடுகிறது. அதோடு, நான் சொல்லப்போகிற விஷயத்தைக் கேட்டதும் "டெம்பரேச்சர் எவ்வளவு போச்சு?" என்றுதான் நீ முதலில் கேட்பாய். எனக்குப் பதில் சொல்ல வாய் வராது. அதனால் உங்கள் கம்பெனி ஏஜெண்டிடம் கொடுக்கும் பார்சலில், நீ கேட்ட காலுறைகளோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

உன் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. பதறாதே, சரி செய்து வீட்டுக்கும் கொண்டுவந்தாயிற்று. ஆனால் போனது என்னால்தான்.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டை ஏழு மாதம் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். பெரிய டர்போ போட்டு இன்ஜினை இரண்டு மடங்கு முரடனாக்கிவிட்டேன், கியர்பாக்ஸ் மட்டும் பழைய சாதுவாகவே இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாய். "ஆட்டோமேட்டிக்தானேன்னு அழுத்தி மிதிச்சுடாதே, கண்ணாடி" என்று என் பட்டப்பெயரோடு அடிக்கோடு வேறு. காலையில் எண்ணெய் சூடாகும் வரை காத்திருந்தேன். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றுமுன் வண்டி முழுதாக நின்றதா என்று பார்த்தேன். நீ தனியாக மாட்டிய அந்தச் சின்ன டெம்பரேச்சர் மீட்டரில் முள் தொண்ணூறைத் தாண்டினால் ஓரம் கட்டினேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து என் பரம்பரையையே விசாரித்தார்கள். நான் அசையவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெயைக்கூட நீ குறித்திருந்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றினேன்.

போன மாதம் உன் கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்ததே, அந்த வியாழக்கிழமைதான் எல்லாம் நடந்தது.

ஆறு மணி நேரம்தான் நிற்போம், அதிலும் நான் கீழே இன்ஜின் ரூமில்தான் கிடப்பேன், அலையாதே என்று நீ முந்தின நாளே சொல்லிவிட்டாய். நானும் சரி என்றேன். காலையில் வழக்கம்போல் கடையைத் திறந்தேன். முதலில் வந்த பெரியவரை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "தம்பி, நீங்க வேற எங்கயோ பாக்குறீங்களே" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நாளை வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். மணி ஒன்பதே கால். கப்பல் நான்கு மணிக்குக் கிளம்பும். நடுவில் மலை, முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் உன் முகத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் மிஞ்சியது.

அன்றைக்கு எண்ணெய் சூடாகக் காத்திருக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே விரட்டினேன்.

மலையடிவாரத்தில் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே பிடித்து வைக்க வேண்டும், தானாக மாற விடக்கூடாது என்று நீ எழுதியிருந்தது நினைவில் இருந்தது. ஆனால் இடம் கிடைத்தபோதெல்லாம் மிதித்து ஒரு லாரியைத் தாண்டுவது, அடுத்த லாரியின் பின்னால் பிரேக் போடுவது, மறுபடி மிதிப்பது என்றே போய்க்கொண்டிருந்தேன். கியர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தத்தளித்தது. மீட்டர் கண் முன்னால்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மணியை.

எட்டாவது வளைவில் இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை வந்தது. அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன். நூற்று நாற்பது. எழுதிவிட்டேன், இனி நீ கேட்க வேண்டாம்.

முக்கால் மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். உனக்குப் போன் செய்தேன், நீ கீழே இருந்திருப்பாய், போகவில்லை. பிறகு வண்டியைக் கிளப்பினால், கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்றுதான் அறிவு சொன்னது. அந்த ஒரே கியரில் மீதி தூரத்தையும் ஓட்டினேன். சைக்கிளில் போகிற ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

துறைமுக வாசலில் நின்றபோது மணி நான்கு இருபத்தைந்து. காவலாளியிடம் கப்பல் பெயரைச் சொன்னேன். அவர் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "அதோ போகுது பாருங்க, அதான்" என்றார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் நான். பின்பக்கம் எழுதியிருந்த பெயரை என்னால் படிக்க முடியவில்லை. தூரம் ஒரு காரணம். அது புள்ளியாகும் வரை நின்றேன். காவலாளி நல்ல மனிதர், தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

இழுவை லாரியில் உன் காரை ஏற்றிக்கொண்டு மறுநாள் வீடு வந்து சேர்ந்தேன். மாமா வாசலில் நின்று லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தார். கார் மேல் அவருக்கு இருக்கும் கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கழித்துத்தான், "மாப்ள, நான் அவகிட்ட மூச்சு விட மாட்டேன். நீங்களே எழுதிடுங்க" என்றார்.

எழுதாமல் விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் நீ போனில் ஒன்று சொன்னாய். அன்றைக்குக் கிளம்புவதற்குமுன் பத்து நிமிடம் மேலே வந்து நின்றாயாம். வாசல் பக்கம் யார் யாரோ வீட்டு ஆட்கள் கையசைத்துக்கொண்டிருந்தார்களாம். "எனக்கு யாரும் வரலைன்னு தெரியும், ஆனாலும் பாத்துட்டு நின்னேன்" என்றாய். நான் "அப்படியா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் ஆள் வந்தது, இன்ஜினியரம்மா. வழியில் நின்றுவிட்டது.

கியர்பாக்ஸ் வேலை பார்த்தவர் பெரிய உருவம், சின்னக் குரல். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கிளட்ச் தகடுகளை மேஜையில் பரப்பிக் காட்டினார். அடுப்பில் மறந்த தோசைக்கல் மாதிரி கறுத்துக் கிடந்தன. "அப்படி என்ன சார் அவசரம்?" என்று கேட்டார். துறைமுகத்துக்கு என்றேன். சரக்கு எடுக்கவா என்றார். மனைவியைப் பார்க்க என்றேன். முன்னால் வந்து நின்ற இரண்டு வண்டிகளை ஒதுக்கிவிட்டு நம்முடையதை எடுத்துக்கொண்டார்.

தடிமனான தகடுகள் போட்டிருக்கிறார். எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைப் பெரிதாக்கி, தனி விசிறியும் வைத்திருக்கிறார். முதல் இரண்டு கியரிலும் டர்போ முழு வேகத்தில் பாயாது, கியர் மாறும் நொடியில் இன்ஜின் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டர்போவின் அழுத்தத்தையே மொத்தமாகக் குறைத்துவிட்டால் கியர்பாக்ஸ் ரொம்ப நாள் உழைக்கும் என்றும் சொன்னார். அது அவங்க வண்டி, அவங்களைக் கேட்காமல் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பழக்கத்தையெல்லாம் அழித்துவிட்டாராம். இனி ஓட்டுகிறவரின் காலைப் பார்த்துப் புதிதாகக் கற்றுக்கொள்ளுமாம். இரண்டு வாரமாக நான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் தயங்கித் தயங்கித்தான் கியர் மாறுகிறது, என்னை மாதிரியே. நீ வந்து ஓட்டினால் மாறிவிடுமா என்று கேட்டேன். ஒரு வாரம் போதும் என்றார்.

இன்னும் நான்கு மாதம் இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்கிறது, இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். "உன் இஷ்டம்" என்று நான் சொன்னது பெருந்தன்மை இல்லை, பயம். வா என்று சொல்லி நீ வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம். வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதும் முடிவு உன்னுடையதுதான். ஆனால் என் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் நீ முடிவு எடுக்கக் கூடாது.

சூடான குழாய்களின் பக்கத்தில் கவனமாக நில். நேரத்துக்குச் சாப்பிடு. மாமா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு மேஜை ஓரத்திலேயே நிற்கிறார். நீ இறங்கி வரப்போவதானாலும், நிற்காமல் கடந்து போகப்போவதானாலும், எந்தத் துறைமுகம் என்று மட்டும் முன்கூட்டியே எழுது. முதல் நாளே பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறேன்.

உன்,
கண்ணாடி.