நீல பாட்டிலைக் கழுவியது நான்தான்

அடையாறு வீட்டு முன்னறையை எழுபது பழைய பாட்டில்களால் நிரப்பி, ஒரு டீ தம்ளர் வைக்கக்கூட எனக்கு இடம் விடாமல் போய்விட்ட என் மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. தி.நகர் பாத்திரக் கடையை உங்கள் மகன் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் எல்லாரும் நலம். நான் மட்டும் நாலு நாளாகக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அந்தக் கெமிஸ்ட்ரி பேராசிரியர் அம்மா வருகிறார். இன்றைக்கே வியாழன் ஆகிவிட்டது.

உங்கள் நீல பாட்டில் விஷயம்தான். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிணற்றுச் சேற்றிலிருந்து வந்ததே, உடம்பெல்லாம் வரிவரியாக. இருட்டில் எடுத்தாலும் கை தடவி விஷம் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் காலத்தில் அப்படி வரி வைத்தார்கள் என்றீர்கள். மறுநாளே, சில மருந்துகளும் அப்படி வந்ததுண்டு என்று நீங்களே மறுத்தீர்கள். தெருவில் விசாரித்தால் ஒருவர் அது டாக்டர் வீடு என்றார், இன்னொருவர் அமிலம் புழங்குகிற நகை ஆசாரி வீடு என்றார். அடியில் காய்ந்து கிடந்த கறுப்புக் கசடைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று மூன்று வருடம் ஆள் தேடினீர்கள். அந்த அம்மா கிடைத்து, வருகிறேன் என்று சொன்ன வாரத்தில் உங்களுக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கசடு இப்போது இல்லை, மாமா. நான் கழுவிவிட்டேன்.

பதினாறாம் நாள் காலையில், வீட்டைச் சுத்தம் செய்யும்போது. பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு, வினிகர் ஊற்றி, குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். மூன்றாவது தண்ணீரில் பளிச்சென்று ஆகிவிட்டது. அதே கையோடு போய்த்தான் உங்களுக்குப் படையல் சமைத்தேன். சாப்பிட்ட நாற்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து அது மருந்துதான் என்று சொல்லிவிட முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காயலான்கடை ஏழுமலை வந்தார். கிணற்றிலிருந்து அதைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தவர் அவர்தானே. மாலை போட்ட உங்கள் படத்தைக் கும்பிட்டார். பிறகு பாட்டிலைக் கையில் எடுத்தார்.

“இன்னாக்கா, பளபளன்னு கீது. உள்ள இருந்த கறுப்பு எங்க?”

“தெரியாமக் கழுவிட்டேன், அண்ணே. சனிக்கிழமை அதைச் சோதிக்கத்தான் ஒரு அம்மா வர்றாங்க.”

“அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? தோ, அந்த இங்க் பாட்டில்ல காஞ்சி கீதே, அத்தக் கொஞ்சம் சொரண்டி இதுல போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?”

“சோதிச்சா மைன்னு தெரிஞ்சிடாதா?”

“தெரியட்டும். மைன்னு எழுதிக்கினு போவாங்க. பெரியவரு எதுனா ஒண்ணு தெரிஞ்சா போதும்னுதான அலைஞ்சிக்கினு இருந்தாரு.”

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். நிச்சயமில்லாததை எழுத மாட்டேன் என்று பாதி பாட்டில்களின் அட்டையைக் காலியாகவே வைத்திருந்தவர். இருந்தாலும் ஏழுமலை போனதும் கொண்டை ஊசியை எடுத்து இங்க் பாட்டிலுக்குள் விட்டேன். ஒரு துணுக்கு வந்தது. நீல பாட்டிலின் வாய் வரைக்கும் கொண்டுபோனேன். அதை நம்பி, அந்த வீட்டில் ஒரு குமாஸ்தா இருந்தார் என்று அவர்கள் எழுதிவிட்டால்? பிறக்காத மனிதர் ஒருவரை அங்கே குடிவைத்த பாவம் எனக்குத்தானே? துணுக்கை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன்.

உங்கள் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கத்த மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். எனக்கு அதுதான் பயம். அந்த அம்மா என்ன நினைப்பார்? படிப்பில்லாத வீட்டுப் பெண் வேலை என்றா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழுமலையிடம் தெரியாமல் கழுவினேன் என்றேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கழுவக் கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை எடுத்துக்கொண்டு நான் குழாயடிக்குப் போனால், எந்த அறையில் இருந்தாலும் “ஏம்மா, அதத் தொடாதன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்” என்று வந்து நின்றுவிடுவீர்கள் என்பதும் தெரியும். அன்றைக்குக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். மூன்று தண்ணீர் ஊற்றும் வரைக்கும் காது முன்னறைப் பக்கமே இருந்தது. நீங்கள் வரவில்லை.

நாளைக் காலையில் உங்கள் மகனிடம் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை அந்த அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடமும் சொல்லிவிடுவேன். கெடுத்தவள் என்ற பேர் எனக்கே இருக்கட்டும், அந்த வீட்டின் மேல் ஒரு பொய் ஏற வேண்டாம். உங்கள் சத்தத்தைக் கேட்பதற்காக இனி ஒரு பாட்டிலையும் கழுவ மாட்டேன், மாமா.

திட்டு வாங்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மருமகள்
செல்வி