ஈட்டிக்காரிக்கு ஐந்து பூச்சு

ஓகஸ்ட் 3, திங்கள்

விடியலிலிருந்தே சோளகக் காற்று. முற்றத்துச் செம்மண்ணில் பாதி வீட்டுக்குள். அச்சகத்தில் மெஷின் பழுது. பிழை திருத்துபவனுக்கு இந்தக் கிழமை திருத்தப் பிழை இல்லை.

எனவே புதுத் தொழில்: ஒன்றேகால் அங்குலப் பிளாஸ்டிக் பெண்ணுக்கு வர்ணம் பூசுதல். பிறகு இதை வாசிக்கும்போது எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நானே நினைக்காதிருக்க, விபரம்:

மகள் ஷாலினி (ஏ.எல். முடித்துக் கம்பசுக்குக் காத்திருக்கிறாள், இந்த நாட்டில் அதுவே ஒரு முழுநேரப் படிப்பு) சனிக்கிழமைகளில் மூன்று சிநேகிதிகளோடு மேசை விளையாட்டு ஆடுகிறாள். நிலவறை, பூதம், பகடை. ஆளுக்கொரு சின்ன உருவம். பெட்டியோடு வந்தவை பன்னிரண்டு, தொழிற்சாலையிலேயே வர்ணம் பூசியவை. பூதம் பச்சை. பல்லி மனிதன் நீலம். மனிதர் எல்லாரும் ரோசா. ஷா.வுக்கு வாய்த்த ஈட்டிக்காரியும் ரோசா.

"அப்பா, இவளை என்ரை நிறத்திலை அடிச்சுத் தாறீங்களோ? சனிக்கிழமைக்கு முன்னம்."

"நீயே அடியன்."

"எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள்தானே பிழை பாக்கிற ஆள். அவளை மேசையிலை வைச்சா அது நான்தான் எண்டு தெரியோணும்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை தகப்பனிடம் ஒன்று கேட்பது அரிது. பணம் தவிர. ஒத்துக்கொண்டேன்.

இன்று செய்தவை:
– சவர்க்காரத் தண்ணீர், பழைய பற்தூரிகை, கழுவல். 
– ஈட்டி வளைந்திருந்தது. கொதிநீரில் தோய்த்து நிமிர்த்தி உடனே குளிர்நீரில் விட்டால் நேராகுமாம். 
– மனைவி ஜெயா குசினிக்குள் வந்தாள். "இஞ்சேருங்கோ, உது சோறு காய்ச்சிற சட்டியெல்லோ!"
– வேறு சட்டி. மீண்டும் கொதிநீர். ஈட்டி இப்போது மற்றப் பக்கம் வளைவு.

மாலை, ஒத்திகைக்காகப் பல்லி மனிதனுக்குச் சாம்பல் நிற ஸ்ப்ரே, அடிப்பூச்சாக. கிணற்றடியில் காய வைத்தேன்.

ஓகஸ்ட் 4, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. பல்லி மனிதன் காயவில்லை. தொட்டால் கையோடு வருகிறான். இரவு பறந்த செம்மண் முழுவதும் அவன்மேல். மாவில் புரட்டிப் பொரித்த மீன் மாதிரி நிற்கிறான்.

ஸ்ப்ரே விற்ற கடைக்காரரிடம் போனேன்.

"எதுக்கு அடிச்சனீங்கள்?"

"ஒரு பொம்மைக்கு."

"ஐயா, உது மோட்டச்சைக்கிளுக்கு." சற்று யோசித்து, "உங்களிட்டை மோட்டச்சைக்கிள் இருக்கோ?"

இல்லை என்றேன். அவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

இணையத்தில் தேடினேன். மென்மையான பிளாஸ்டிக்கில் இவ்வகை ஸ்ப்ரே சிலவேளை காய்வதே இல்லையாம். ஒருபோதும். எல்லாம் முடிந்த பிறகுதான் இதைச் சொல்கிறார்கள். ஈட்டிக்காரிக்கு ஸ்ப்ரே இல்லை.

டவுனில் அக்ரிலிக் குழாய்கள் வாங்கினேன்: மண்ணிறம், மஞ்சட் காவி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை. முடிந்துபோன ஒரு கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் குழைத்து, ஷா.வின் முன்கையோடு பிடித்துப் பார்த்தேன். ஏழாவது குழையல்.

"ஓம் அப்பா. இதுதான்."

முதற் பூச்சு. கன்னத்தில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டது. மயிரை எடுத்தேன், கன்னமும் வந்தது. திரும்பக் கன்னம். காய்ந்தபின் பார்த்தால் குழைத்ததைவிட ஒரு படி கறுப்பு. அக்ரிலிக்கின் குணமாம். நாளைக்கு ஒரு துளி வெள்ளை சேர்க்க வேண்டும்.

ஓகஸ்ட் 5, புதன்

வெயில் கொடூரம். சண்டிலிப்பாயிலிருந்து மச்சாள் (ஜெ.வின் அக்கா) வந்தாள். கத்தரிக்காய், பயற்றங்காய், அபிப்பிராயங்கள்.

"என்னடி பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்? வெயிலுக்கை சைக்கிள் ஓடித் திரியிறியோ?"

"இல்லைப் பெரியம்மா. பிறந்ததிலை இருந்தே இப்பிடித்தான்."

மச்சாள் சிரிக்கவில்லை. "கொழும்பிலை ஒரு எஞ்சினியர்ப் பெடியன். நல்ல குடும்பம், எங்கடை சேர்ச் ஆக்கள்தான். ஆனா தாய்க்காறி நிறம் பாக்கிறவ."

ஷா. பயற்றங்காயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் தூரிகை இருந்தது.

இது விடயத்தில் என் கொள்கை ஊரறிந்தது. மணமகள் தேவை விளம்பரங்களைப் பல வருடமாகத் திருத்துகிறேன். 'சிவலை', 'பொது நிறம்' எல்லாவற்றையும் பிழையின்றி அச்சேற்றியிருக்கிறேன். மணமகனின் நிறத்துக்கு மட்டும் எந்த விளம்பரத்திலும் இடம் போதுவதில்லை. இதையே போன வருடம் வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினேன். பாராட்டுக் கடிதம் மூன்று.

இரண்டாம் பூச்சு, வெள்ளை ஒரு துளி. துளி சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது. பரவாயில்லை.

ஓகஸ்ட் 6, வியாழன்

முதுகு நோ. கழுத்து நோ. கண்ணாடிக்கு மேல் வாசிப்புக் கண்ணாடி.

காணொளியில் ஒருவன் சொல்கிறான்: வெளிச்சம் மேலிருந்து விழும், ஆகவே நெற்றி, தோள், முழங்கை எல்லாம் வெளிறவேண்டும். கோப்பாய் வெயிலைக் கண்டவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாம் பூச்சு. நெற்றிக்கும் கன்னத்துக்கும் நடுவே நாட்டெல்லை மாதிரிக் கோடு விழுந்தது. கோட்டை அழிக்க நாலாம் பூச்சு. கோடு போயிற்று. அவளில் இப்போது மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை, எல்லாம் மேடு.

பி.ப. கண்கள். தூரிகையின் மயிரை ஐந்தாகக் குறைத்து, மூச்சை அடக்கி வைத்தேன். ஒரு கண் எதிரியைப் பார்க்கிறது. மற்றது எங்கோ தூரத்துக் கொடிகாமத்தை. மூன்று முறை அழித்து எழுதினேன். மூன்றாம் முறை இரண்டும் கொடிகாமம். விட்டுவிட்டேன், ஒற்றுமையாவது இருக்கிறது.

ஓகஸ்ட் 7, வெள்ளி

முகம் சற்று மங்கலாகப் பட்டது. ஐந்தாம் பூச்சு, மிக மெல்லியது.

ஜெ. தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். "ம்ம். இப்பதான் முகம் துலக்கமாயிருக்கு. கலியாணப் படத்துக்கு நிண்ட மாதிரி."

இந்தக் கிழமை முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சொல். இரண்டு விசுக்கோத்துச் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 8, சனி

மு.ப. 9. காற்றுக் குறைவு. ஈட்டிக்காரியை வெள்ளைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

ஷா. வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"வடிவாயிருக்கு அப்பா. இது ஆர்?"

"ஆரெண்டால்? நீதான்."

"நானோ?"

தட்டில் திருப்பி வைத்தாள். தன் முன்கையை அதன் பக்கத்தில் வைத்தாள். நான் சொன்னேன்: காயும்போது மாறும், வெளிச்சம் மேலிருந்து விழும், விளையாடுகிற அறையில் இருட்டு.

"அப்பா, அண்டைக்கு இதுதான் எண்டு சொன்னன். நீங்கள் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான்."

"உங்கடை கட்டுரையை நான் வகுப்பிலை எல்லாருக்கும் அனுப்பினனான்."

அவள் குரலில் கோபம் இல்லை.

ஜெ.வின் தையற் பெட்டியைத் திறந்து சட்டைக்குத் தைக்கிற கறுத்தத் தெறி ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டாள். "இண்டைக்கு நான் இதை வைச்சு விளையாடுறன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். ஈட்டிக்காரி தட்டில்.

பூச்சுக்களின் காரணங்கள், பதிவுக்காக:
2. காய்ந்தால் கறுக்கும்.
3. வெளிச்சம்.
4. கோடு.
5. மங்கல்.
அத்தனையும் தொழில்நுட்பக் காரணங்கள். மச்சாளிடம்கூட இத்தனை காரணம் இருந்ததில்லை; அவள் சும்மா சொல்லிவிட்டுப் போகிறவள்.

பி.ப. 5. திரும்பி வந்தாள். விளையாட்டு எப்படி என்று கேட்டேன். "பறவாயில்லை." சாப்பிட்டாயா? "ஓம்." அறைக் கதவு.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

வானம் மப்பு. மழை வராது. ஆராதனையில் போதகர் என்ன சொன்னார் என்று நினைவில்லை. இரு வரிசை முன்னால் ஷா.வின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாவது குழையல் கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டின் பின் மேசையைத் துடைத்து, குழாய்களை அடுக்கி, கூப்பிட்டேன்.

"பிள்ளை, வா. கையை இதிலை வை. முழுக்கத் திரும்ப அடிக்கிறன்."

வந்தாள். கையை வைக்கவில்லை. கதிரையை இழுத்து என்னெதிரே இருந்தாள்.

"வேண்டாம் அப்பா. தூரிகையைத் தாங்கோ."

"பொறுமை இல்லை எண்டாய்?"

"இப்ப இருக்கு."

மண்ணிறம், கொஞ்சம் காவி, ஒரு பொட்டுச் சிவப்பு. தண்ணீர் விடவில்லை. தன் முழங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு தோலில் காணாமற் போனது. பிறகு ஒரே பூச்சு, அப்பம் சுடுகிற மாதிரித் தடிப்பாக. மூக்கு மூடிக்கொண்டது. நான் வரைந்த கண்கள் இரண்டும் போயின. பதினைந்து நிமிடம்கூட இல்லை.

மெல்லியதாக அடிக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மற்றத் தூரிகை எப்படி என் கையில் வந்தது என்று தெரியவில்லை.

"காயட்டும் அப்பா. தொடாதேங்கோ."