பெட்ரோல் மூடியும் பாதம் கழுவும் ஞாயிறும்

அன்பு மகள் லோவீனாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. என் இடது முட்டியையும் வயிற்றெரிச்சலையும் விட்டுவிட்டால் இங்கே நான் நலம், டெட்ராய்ட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதம் கழுவும் ஞாயிறு அன்று காரில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிற்பாடு ஒருத்தரும் நான் இல்லை என்று நழுவக் கூடாது. ஓட்டியது உன் அண்ணன் ஆர்வில். அவன் பக்கத்தில் நம் சபை மூப்பர் எஸ்டில், உன் அப்பா சாவுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ஒரு பாட்டுக்கும் வாய் திறக்காமல் போனாரே, அவரேதான். பின் சீட்டில் நடுவில் நான், இந்தப் பக்கம் உன் தங்கை ரீவா, அந்தப் பக்கம் அவள் புருஷன் கிளெல். முப்பத்திரண்டு மைல் தள்ளி லாரல் ஓடைச் சபையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு எனக்காகக் காத்திருந்தவள் உன் பெரியம்மா ஓர்ஃபா. அவளை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

உன் பாட்டியை நம் குடும்பக் கல்லறை மேட்டில் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் தன் புருஷன் வீட்டு மேட்டில் அவள் புதைத்ததிலிருந்து பதினொரு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்ளாதது உனக்குத் தெரியும். கல்லறைக்குப் பூ வைக்கப் போனாலும் அவள் காலையில் போனால் நான் சாயங்காலம் போவேன். ஏப்ரல் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டேன், டாக்டர் கையை விரித்துவிட்டார், மகன் அவளை ஒஹாயோவில் டேட்டனுக்குத் தன் வீட்டோடு கூட்டிப் போகிறான் என்றார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பீன்ஸ் விதைத்துக்கொண்டிருந்தபோது அவளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். "ஜூன் ரெண்டாம் ஞாயிறு வரச் சொல்லு, அவ கால நான் கழுவுறேன். வரலன்னா அவ மனசு இதுதான்னு வெச்சுக்கறேன்." சபையில் ஒருத்தர் பாதத்தை ஒருத்தர் கழுவி மனஸ்தாபம் தீர்த்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு தடவைதான், அடுத்த வருஷத்துக்கு அவள் இருக்க மாட்டாள், அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். வெள்ளை மாவுச் சாக்கைப் பிரித்து அவள் பாதம் துடைக்க ஒரு துண்டு தைத்தேன், மூன்று நாள் புல்லில் விரித்து வெயிலில் வெளுத்தேன்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். உன் அப்பா விட்டுப்போன பச்சைக் கார் மழையிலும் பனியிலும் பதினாறு வருஷத்தில் என்னை நடுவழியில் விட்டதில்லை, முந்தின நாள்தான் ஆர்வில் டேங்கை நிரப்பி வைத்திருந்தான். எட்டாவது மைலில் அது இரண்டு தடவை விக்கி, மேட்டில் மூச்சு வாங்கி, அப்படியே செத்துவிட்டது. கிளெல் இறங்கி என் செருப்புக்குப் பக்கத்தில் புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டு பானெட்டைத் தூக்கி, வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிடுகிறது என்றான். பையிலிருந்து துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை எடுத்து, அவையும் என் கொடியிலிருந்து காணாமல் போனவைதான், பைப் நெடுக வரிசையாக மாட்டினான், மரம் சூட்டை இழுத்துக்கொள்ளுமாம். பிறகு பம்ப்புக்கு ஈரத்துணி போட வேண்டும் என்று சீட்டில் இருந்த என் வெள்ளைத் துண்டை என்னைக் கேட்காமல் எடுத்துப் போய் ஓடையில் நனைத்து, அந்தக் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் போர்த்தினான். கால் மணி நேரம் கழித்து கார் எழுந்துவிட்டது, அவனுக்கு வாய் காதுவரை போயிற்று, கிளிப்பின் மகிமையை அடுத்த ஏழு மைலுக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

பதினைந்தாவது மைலில் மறுபடி நின்றது. இந்தத் தடவை ஆர்வில், ஆவியும் இல்லை கீவியும் இல்லை பொறி விடுகிற பாயிண்ட் தீய்ந்திருக்கிறது என்று ரீவாவிடம் நகம் தேய்க்கும் அரத்தை வாங்கித் தேய் தேய் என்று தேய்த்தான். பிளக் வயரைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்கப்போய்க் கையில் ஷாக் வாங்கிக்கொண்டு துள்ளினான், நல்ல நீலப் பொறி, அதில் ஒரு குறையும் இல்லை. இருபது நிமிஷத்தில் கார் எழுந்தது, இப்போது அவன் சீட்டி அடித்துக்கொண்டு ஓட்டினான். நான் சொன்னேன், யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் இது ஏழெட்டு மைல் போனால் நிற்கிறது, நீங்கள் ஆளுக்கு இரண்டு சிகரெட் குடித்து முடித்தால் தானாக எழுந்துகொள்கிறது, அது ஏன் என்று யோசியுங்கள் என்றேன். எஸ்டில் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "சகோதரி, நீங்க ஜெபத்தப் பாருங்க, இன்ஜின எங்ககிட்ட விடுங்க." ரீவா ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இருபத்தோராவது மைல், அங்கே எஸ்டிலின் முறை. கார்புரேட்டர் மூடியைத் திறந்தார், உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை, வறண்டு கிடந்தது. பம்ப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி பைப்பில் வாய் வைத்து உறிஞ்சினார், வாய் கொள்ளாமல் பெட்ரோல் வந்து, வறுத்த கோழி வைத்திருந்த என் கூடைமேல் கொப்பளித்துத் துப்பினார். மூப்பராம். பிறகு ஓட்டுகிற இடத்தில் தானே ஏறி உட்கார்ந்து சோக்கை இழுத்துவிட்டு, பேட்டரி முனகி முனகி அடங்கும்வரை சாவியைத் திருகினார். மணி பத்தரை. லாரல் ஓடையில் முதல் பாட்டு ஆரம்பித்திருப்பார்கள். நான் ரோட்டோரம் நின்று யோசித்தேன். டேங்க் நிறைய இருக்கிறது, கார்புரேட்டர் காய்ந்து கிடக்கிறது, நடுவில் யார் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் உன் பால் புட்டி நினைவுக்கு வந்தது. கைக்குழந்தையில் நீ இழுத்து இழுத்துக் குடிப்பாய், மூடியை இறுக்கிப் போட்டிருந்தால் ரப்பர் சப்பையாக ஒட்டிக்கொண்டு பால் வராது, வீறிட்டு அழுவாய். மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் உள்ளே காற்று குமிழி விட்டுப் போகும், பால் வரும். உள்ளே காற்று போனால்தானே பால் வெளியே வரும். பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகினேன், உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி வர மறுத்தது. இரண்டு கையாலும் திருகி எடுத்தபோது உஸ்ஸென்று ஒரு இழுப்பு, என் கைக்குட்டையின் முனை டேங்க் வாய்க்குள் போய்விட்டது.

கூப்பிட்டுச் சொன்னேன். எஸ்டில், காருக்கு ஏப்பம் விட வைக்கிறீர்களா சகோதரி என்று சிரித்தார். கிளெல் என் கையிலிருந்து மூடியைப் பிடுங்கி மறுபடி இறுக்கினான். "வெயில்ல எல்லா டேங்கும்தான் உஸ்ஸுங்கும் அத்தை. நீங்க போய் நெழல்ல உக்காருங்க." காற்று வெளியே வரவில்லை உள்ளே போயிற்று, என் கைக்குட்டை பொய் சொல்லுமா என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கத்தினேன் லோவீனா, உன் அப்பா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படிக் கத்தவில்லை. கடைசியில் ஆர்வில்தான், அம்மா சொல்றத ஒரு தடவ செஞ்சுதான் பாப்போமே, நமக்கு வேற என்ன இருக்கு என்று மூடியைக் கழற்றி, டேங்க் வாயில் என் கைக்குட்டையைச் சுற்றினான். சரிவில் தள்ளி கியரைப் போட்டு எழுப்பினார்கள். மிச்சம் பதினோரு மைலும் ஒரு விக்கல் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது, ஜனங்கள் மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர் நாற்காலியில் தன் தொப்பியை வைத்து ஓர்ஃபா இடம் பிடித்திருந்தாளாம், மூன்று பெண்கள் வந்து உட்காரட்டுமா என்று கேட்டதற்கும் ஆளு இருக்கு ஆளு இருக்கு என்றாளாம். கடைசிப் பாட்டு முடிந்ததும் தானே பாத்திரத்தைத் தூக்கிப் போய்த் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, "அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாளாம். மறுநாள் கிளம்ப வேண்டியவள் அப்போதே மகனோடு டேட்டனுக்குப் போய்விட்டாள். மூன்று தடவை போன் செய்தேன், பேச வர மாட்டேன் என்கிறாள். கார் நின்றுபோச்சு என்று அவள் மகனிடம் சொன்னேன், அதைக் கேட்டு அவள் சிரித்தாளாம்.

இனி நடந்ததைக் கேள். வீட்டுக்கு வந்து ஆர்வில் மூடியைப் பார்த்தால் அது நம் மூடியே இல்லை. நம்முடையது துருப்பிடித்தது, நடுவில் காற்றுப் போக ஓட்டை உண்டு. இது புதுசு, பளபளவென்று ஓட்டையே இல்லாமல் இருந்தது. கிளெல் தன் டிரக்குக்கு வாங்கியது, அதைப் போட்டதிலிருந்து அவன் டிரக் இப்படித்தான் வழியெல்லாம் நின்றிருக்கிறது, காற்றுப் போகிற மூடி மாற்று என்று பெட்ரோல் போடும் இடத்தில் சொல்லியும் இருக்கிறார்கள். ஒரு ஆணியால் ஓட்டை போட்டிருந்தால் தீர்ந்தது. அதற்குக்கூட வணங்காமல் சனிக்கிழமை சாயங்காலம் என் காரின் மூடியைத் தான் எடுத்துக்கொண்டு அதை எனக்கு மாட்டிவிட்டான். தெரிந்துகொண்டே என் துண்டை நனைத்தான், தெரிந்துகொண்டே மூடியைப் பிடுங்கி இறுக்கினான், எஸ்டில் முன்னால் மானம் போய்விடுமாம். செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் அத்தை என்றான். பழைய மூடியைக் கொண்டுவந்திருந்தான். அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வாய் விட்டுக் கேட்டான், சரி போ என்றுவிட்டேன்.

ஆனால் அதற்கு முந்தின நாள் ரீவா வந்திருந்தாள். என் சமையல்கட்டில் உட்கார்ந்து என் ரொட்டியில் என் வெண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னாள், மூடியை மாற்றும்போது அவளும் பக்கத்தில்தான் நின்றாளாம். மூன்று தடவை கார் நின்றபோதும் அவளுக்கு ஏன் என்று தெரியும். நான் ரோட்டில் நின்று கத்தியபோதும் தெரியும். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர எல்லார் முன்னாடியும் என்னத்தச் சொல்றதும்மா. கால் கழுவுறதுதானே, அடுத்த வருஷம் கழுவிக்கலாம்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

நீ ஒன்று செய் கண்ணு. டேட்டன் உனக்கு நாலு மணி நேர ரோடு. வருகிற சனிக்கிழமையே போ, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடு. உன் பெரியப்பா ஹோபர்ட் பட்டறையில் நாற்பது வருஷம் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தவள் அவள், கார் நின்றது என்று சும்மா சொன்னால் நம்ப மாட்டாள். எத்தனை மைலுக்கு ஒரு தடவை நின்றது, எத்தனை நேரத்தில் எழுந்தது, பொறி எப்படி இருந்தது, கார்புரேட்டர் வறண்டது, கைக்குட்டை இழுத்துக்கொண்டது என்று நான் எழுதிய வரிசையிலேயே சொல்லு. நீ கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், நீ சொன்னால் எடுபடும். இந்தப் புது மூடியையும் பார்சலில் அனுப்புகிறேன், அவள் கையில் கொடு, திருப்பிப் பார்த்தால் அவளுக்கே விளங்கிவிடும். அந்தத் துண்டில் கறை போகவில்லை, வேறு தைத்து அனுப்பியிருக்கிறேன். அவள் தங்கை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள் என்று சொல்லு. தள்ளிப் போடாதே, அவளுக்கு நாள் இல்லை.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும், இருமல் மருந்தை நிறுத்தாதே, ரோட்டில் மெதுவாகப் போ. ரீவாவுக்காகச் சமாதானம் பேசி எனக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம், நான் பிரித்துப் படிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கிளெல்லை மன்னித்துவிட்ட, எஸ்டிலையும் ஒருநாள் மன்னிக்கப்போகிற, என் வயிற்றில் பிறந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரீவாவை மட்டும் மன்னிக்காத
உன் அம்மா.